பின்பலகையில் இருந்த எண்

தெருவில் எந்த வண்டி ரிவர்ஸ் எடுத்தாலும் மச்சான் வந்து நின்றுவிடுவார். தண்ணீர் லாரியோ, பள்ளிக்கூட வேனோ, எதிர்வீட்டுக்காரரின் புத்தம்புதுக் காரோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்த நாளும் உண்டு. வண்டிக்குப் பின்னால் காலை அகட்டி நின்று, இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை, குனிந்து வண்டிக்கு அடியில் ஒரு பார்வை பார்த்த பிறகுதான் கையைத் தூக்குவார். "வரலாம்... வரலாம்... வரலாம்... போதும்." யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. வேண்டாம் சாமி என்று கும்பிடு போட்டவர்களும் உண்டு. கேட்டால்தானே. கடைசியில் தெரு சலித்துப்போய் அவருக்கு 'வரலாம்' என்றே பெயர் வைத்துவிட்டது.

அவருடைய தங்கையைக் கட்டியவருக்கு அதே தெரு வைத்த பெயர் 'நட்டு'. அதுவும் உழைத்துச் சம்பாதித்த பெயர்தான். பகலெல்லாம் உதிரிபாகக் கடையில் கவுண்டர் வேலை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் பழைய ராணுவ லாரிகளின் புகைப்படங்கள். மனிதர்களுக்கு என்னென்னவோ பைத்தியம் பிடிக்கிறது, இவருக்குப் பிடித்தது இது. யாரோ பரணைச் சுத்தம் செய்யும்போது கிடைத்த கறுப்புவெள்ளைப் படத்தை அனுப்புவார்கள். மங்கலாக ஒரு லாரி, அதன்மேல் நாலு சிப்பாய்கள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிப்பாய்களை நட்டு ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். சக்கரத்தில் எத்தனை நட்டு, டீசல் டாங்கி எந்தப் பக்கம், ஸ்டெப்னி எங்கே மாட்டியிருக்கிறது, நம்பரின் முதல் இரண்டு எண் என்ன. இவ்வளவு போதும். எந்த வருடத்து வண்டி, எந்தத் தொகுதியில் வந்தது என்று எழுதிக் கொடுத்துவிடுவார். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவார். தெரிந்ததை ஒருநாளும் மாற்றி எழுதியதில்லை. அதனாலேயே நகரத்து ராணுவக் காட்சிக்கூடம் பதினோரு வருடமாக இவரைக் கேட்காமல் எந்த லாரிப் படத்தையும் சுவரில் மாட்டுவதில்லை.

"ஊர் வண்டி நட்டெல்லாம் எண்ணுறீங்க. உங்க தலையில ஒண்ணு குறையுதே, அதை முதல்ல தேடுங்க" என்பாள் அவர் மனைவி. அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கப் பிள்ளைகளின் பெற்றோரோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மச்சான் இருப்பது அவர்கள் வீட்டு முன்னறையில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டும் வேலை. இளவயதில் மூன்று வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டினார் என்பது எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்த பிறகு ஒரு ஸ்டீயரிங்கையும் அவர் தொடவில்லை என்பதும் தெரியும். ஏன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. லாரிப் படம் என்றால் சோறு தண்ணி வேண்டாத நட்டு, வீட்டிலேயே ஒரு ராணுவ டிரைவரை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். மச்சான் எழுந்து போய் இரண்டு நாள் பேசவில்லை. அதோடு சரி.

அன்று சனிக்கிழமை மத்தியானம். காட்சிக்கூடத்தை நடத்தும் மேடத்திடமிருந்து ஒரு படமும் ஒரு கடிதமும் கம்ப்யூட்டருக்கு வந்திருந்தன. முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய பெருவெள்ளத்தைப் பற்றி வெள்ளிக்கிழமை ஒரு கண்காட்சி திறக்கிறார்கள். படம், ராணுவம் படகுகளைக் கொண்டுபோய் இறக்கிய ஆற்றுத்துறையில் எடுத்தது. அந்த லாரிக்கு அடியில் சிக்கி ஒரு படகோட்டி இறந்துபோனார். 'ரிவர்ஸ் எடுக்கும்போது நடந்த விபத்து' என்று பதிவேட்டில் ஒரே ஒரு வரி. வண்டி எண் எழுதிய இடம் தண்ணீர் பட்டு அழிந்திருக்கிறது. இறந்தவரின் மகள் இப்போது எழுதிக் கேட்டிருக்கிறார், ஓட்டியது யார் என்று. 'நீங்கள் எண்ணையும் வண்டி வகையையும் உறுதிசெய்தால், டிரைவர் பட்டியலில் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடலாம்' என்று முடித்திருந்தார் மேடம்.

நட்டு படத்தைப் பெரிதாக்கினார். பின்பக்கம் கோணலாக நின்று எடுத்த படம். லாரியின் பின்சக்கரம் இடிந்த கரைக்குள் இறங்கிக் கிடந்தது. சாமான் ஏற்றும்போது திறக்கிற பின்பலகையில் வெள்ளைப் பெயின்டில் எண், அதில் பாதி சேறு. நட்டுவுக்கு ஒரு பழக்கம், எண்ணை வாய்விட்டுத்தான் படிப்பார்.

"எழுபத்தொண்ணு... நாலு, நாலு... பூஜ்யம்... கடைசி மூணா, எட்டா? மூணு மாதிரிதான் இருக்கு."

முன்னறையில் காயில் சுற்றும் கைமிஷினின் சத்தம் நின்றது.

"எட்டு, மாப்ள" என்றார் மச்சான்.

நட்டு திரும்பிப் பார்த்தார். மச்சான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் இருக்கும் திசையையே அவர் பார்க்கவில்லை. பேயறைந்த முகம்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

"என் வண்டி."

சத்தம் நின்றதைக் கேட்டு, மடித்துக்கொண்டிருந்த துணியோடு தங்கை வந்துவிட்டாள். மச்சான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். முப்பத்தாறு வருடம் மனதுக்குள்ளேயே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனதால் அதில் கூடுதலாக ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.

"சனங்களை ஏத்திட்டுப் போக அஞ்சாறு வண்டி வரிசையா ரிவர்ஸ்ல துறைக்கு எடுத்தோம். விடிஞ்சும் விடியாத நேரம், கொட்டுற மழை. கண்ணாடியில ஒண்ணும் தெரியல. பின்னாடி நின்னு சொல்ல ஆளில்ல. நான் எடுத்தேன். எடுத்துட்டு இருக்கும்போதே ஒரே கூச்சல். தண்ணி ஏறுது, வண்டிய விட்டுட்டு மேட்டுக்கு ஓடுங்கன்னாங்க. ஓடினேன். மறுநாள் ஆபீசர் கூப்பிட்டு, 'ஒரு ஆள் செத்துட்டான், எழுபத்தொண்ணு நாப்பத்திநாலு பூஜ்யம் எட்டு, உன் வண்டிதானே'ன்னாரு. ஆமான்னேன். வெள்ள நேரம், கேஸ் எல்லாம் வேண்டாம், இனிமே சமையல்கட்டுல இருன்னுட்டாரு."

தெருவே கேலி செய்த அந்த 'வரலாம், வரலாம்' தங்கையின் காதில் இப்போது வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும். தங்கை அழுதாள். நட்டு அண்ணன் தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, நம்பர் தெரியலைன்னு எழுதிடுங்க" என்றாள் அவள். "பாதி சேறுதானே. நீங்களே மூணுன்னு தானே படிச்சீங்க. அதையே எழுதுங்க."

"எழுதிடு மாப்ள, எட்டுன்னே எழுது" என்றார் மச்சான். "அந்தப் பொண்ணு கேக்குது. அதுக்குத் தெரியணும். நானா தேடிப்போய்ச் சொல்லத்தான் இத்தனை வருஷமா தைரியம் வரல." சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது நட்டுவின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று என்று எழுதினால் பதினோரு வருடத்தில் முதல் பொய். அது மட்டுமா, பட்டியலில் மூன்றில் முடியும் எண்ணுக்கு நேரே இருக்கிற ஏதோ ஒரு அப்பாவியின் தலையில் போய் அது விடியும். எட்டு என்று எழுதினால் பெண்டாட்டியின் அண்ணன் பெயர். அந்த மகளுக்கு முன்னால் அவர் அறுபது வயதில் தலைகுனிந்து நிற்க வேண்டும். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் மனிதன் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்வான். நட்டு எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, எப்போதும் நிரப்புகிற படிவத்தை எடுத்து மற்றக் கட்டங்களை நிரப்ப ஆரம்பித்தார். எழுபத்தொன்றில் தொடங்கும் வண்டி. அந்தத் தொகுதியில் சக்கரத்துக்கு எட்டு நட்டு, ஸ்டெப்னி வண்டிக்கு அடியில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எட்டு என்று எழுதப்போன கை, பழக்கதோஷத்தில் படத்தில் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ள நின்றது. பின்சக்கரம் சேற்றில். முன்சக்கரம் மழையில் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

எண்ணினார். ஆறு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். ஆறுதான். ஆனால் நட்டு லேசுப்பட்ட ஆள் இல்லை. 'டேய், உனக்கு இப்ப ஆறுன்னு தெரியணும், அதனால ஆறு தெரியுது' என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டார். ஆசைப்பட்ட கண்ணுக்கு எதுவும் தெரியும். எழுந்து போய் மனைவியைக் கூட்டி வந்தார்.

"இந்தச் சக்கரத்துல எத்தனை நட்டு இருக்குன்னு எண்ணு."

அவள் முறைத்த முறைப்பில் வேறு யாராவது இருந்தால் பொசுங்கியிருப்பார்கள். "எங்கண்ணன் அங்க செத்துட்டு இருக்காரு, உங்களுக்கு இப்பவும் நட்டா?"

"எண்ணும்மா. தயவுசெஞ்சு எண்ணு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "ஆறு. போதுமா?"

"ஓட்டுற இடத்துக்குப் பின்னால நிமிர்ந்து நிக்குதே, அது என்ன?"

"அது சக்கரம். ஸ்டெப்னி. இது எனக்குத் தெரியாதா?"

நட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எழுபத்தொன்றாம் தொகுதியில் ஸ்டெப்னி நிமிர்ந்து நிற்காது. ஆறு நட்டும் நிமிர்ந்த ஸ்டெப்னியும் அதற்கு ஐந்து வருடம் முந்தைய வண்டி. பலகையில் இருப்பது ஒரு வண்டியின் எண், பலகையைச் சுமந்து நிற்பது இன்னொரு வண்டி. அது எப்படி முடியும் என்பதுதான் இனித் தெரிய வேண்டும். முன்னறைக் கதவைத் தட்டித் திறந்தார். மச்சான் காயில் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், ஒரே ஒரு கேள்வி. உங்க வண்டியில ஸ்டெப்னி எங்க இருந்துச்சு?"

"அடியில. அதை இறக்குறதுக்குள்ள முதுகு ஒடிஞ்சுடும். எதுக்கு?"

"பின்பலகைய எப்பவாவது கழட்டுவீங்களா?"

"படகு ஏத்தணும்னா கழட்டித்தானே ஆகணும். பலகை இருந்தா படகு உள்ள போகாது. எல்லாத்தையும் கழட்டி ஷெட்டு சுவர்ல சாத்தி வெப்போம். வேலை முடிஞ்சதும் திரும்ப மாட்டுவோம்."

"அவங்கவங்க பலகைய அவங்கவங்க பார்த்து மாட்டுவீங்களா?"

"முந்தின நாள் படகு இறக்கிட்டு வந்து மாட்டினப்ப, கொட்டுற மழையில யாரு பார்த்தா? கீல் எல்லாம் ஒரே அளவு. கைக்கு எது வருதோ அதை..." மச்சான் நிறுத்தினார்.

ஓட்டுகிறவன் தன் வண்டியின் முன் எண்ணைத்தான் பார்த்திருப்பான். பின்பலகையைப் பார்ப்பது பின்னால் நிற்கிறவன். அன்றைக்குப் பின்னால் நின்று பார்த்தவர் ஆபீசர். பலகையில் இருந்ததைப் படித்துக்கொண்டு வந்து 'உன் வண்டிதானே' என்றார். இவரும் ஆமாம் என்றார். எண் இவருடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. வண்டி இவருடையதா என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நட்டு சொல்லி முடித்தார். மச்சான் நம்பவில்லை. "என் மனசை ஆத்தறதுக்குச் சொல்றே."

நட்டுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மச்சான், நான் என் கல்யாணத் தேதியை மாத்திச் சொன்னாலும் சொல்வேன். நட்டு எண்ணிக்கையை மாத்திச் சொல்ல மாட்டேன்."

"அது என்னவோ உண்மைதான் அண்ணா" என்றாள் தங்கை. "தேதியை ரெண்டு தடவ மறந்திருக்காரு."

மச்சான் சிரிக்கவில்லை. அவர் கேட்டது நட்டு எதிர்பார்க்காத கேள்வி. "அப்ப அந்தப் பழைய வண்டிய ஓட்டினவன்?"

நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைக்கச் சொன்னால், அதை யார் தலையில் வைப்பது என்று கேட்கிறாரே மனிதர். முப்பத்தாறு வருடம் சுமந்தவருக்குத்தான் அதன் கனம் தெரியும், இன்னொருவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

"அவனுக்கும் வீடு வாசல் இருக்கும்" என்றார் மச்சான். எழுந்தார். நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்த்தார்.

நட்டு படத்தில் லாரியைத்தான் பார்த்திருந்தார். மச்சான் பார்த்தது தரையை. குனிந்து, பிறகு இன்னும் குனிந்து, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்.

"மாப்ள. முன்சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கே, இது என்ன?"

"ஏதோ கல்லு."

"கல்லு இல்ல. கட்டை. சக்கரத்துக்கு வெக்கிற கட்டை." விரலால் திரையில் தொட்டுக் காட்டினார். "சரிவுல நிறுத்தினா, உருளாம இருக்கச் சக்கரத்துக்குக் கட்டை வெச்சுட்டுத்தான் டிரைவர் இறங்கணும். கட்டை இருக்கற வண்டிய எவனும் ரிவர்ஸ் எடுக்க முடியாது."

"வண்டி இறங்கினதுக்கு அப்புறம், இன்னும் சரியாம இருக்க யாராவது வெச்சிருக்கலாம் இல்லையா?" என்றார் நட்டு. கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் கேட்காமல் விட்டால் அவர் நட்டு இல்லை.

"அப்புறம் வெச்சா கட்டை சேத்துக்கு மேல உக்காந்திருக்கும். இது சக்கரத்தோட சேர்ந்து நாலு விரக்கடை கீழ போயிருக்கு பார். ரொம்ப நேரமா நின்ன வண்டி. முன்சக்கரம் நின்ன இடத்தை விட்டு அசையவே இல்ல. பின்னாடி கரைதான் இடிஞ்சிருக்கு." மச்சான் நிமிர்ந்தார். "இதுல டிரைவரே இல்ல மாப்ள. யாரும் எடுக்கல. நிறுத்தி வெச்ச வண்டி. ஈரக் கரையில நிறுத்தச் சொன்னது மேல இருக்கறவங்க. அதை எழுதறதுக்குப் பதிலா ரிவர்ஸ்னு எழுதிட்டாங்க."

எழுதி முடித்ததும் அப்படியே நாற்காலியில் சாய்ந்து, 'அப்பாடா' என்று ஒரு மூச்சு விடுவது நட்டுவின் வழக்கம். அன்று அந்த மூச்சை மச்சான் விட்டார். விட்டவர், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். தங்கை அவர் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நட்டுவுக்கு என்ன செய்வது என்று தெரியாமல், தண்ணீர் கொண்டுவரப் போய், குடத்தில் இருந்ததை டம்ளருக்கு வெளியே பாதி ஊற்றினார்.

சாயங்காலமே மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். மேடம் சுலபத்தில் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. பெரிய அச்சுப்பிரதியை வைத்துத் தானும் நட்டை எண்ணினார். தங்களிடம் வேலை பார்க்கும் பழைய மெக்கானிக்கையும் கட்டையைப் பார்க்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்ப அழைத்தார். நட்டு போனை ஸ்பீக்கரில் வைத்து முன்னறைக்குக் கொண்டுபோனார்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. படகோட்டியோட மக, அந்தம்மாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார் மேடம். "'கரைதானா, கரைதானா'ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. ஆமாம்மான்னேன். 'யாருன்னே தெரியாத ஒரு ஆளைச் சின்ன வயசுலேருந்து சபிச்சிட்டு இருந்தேன், இனிமே அது வேண்டாம், எனக்கும் நிம்மதி'ன்னு சொன்னாங்க."

மச்சான் காயில் கட்டிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார். அந்தச் சேதி நட்டுவின் வயிற்றிலும் பாலை வார்த்தது. சபிக்கப்பட்ட ஆள் தன் வீட்டு முன்னறையில்தான் இத்தனை நாளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதை அவர் மேடத்திடம் சொல்லவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நட்டு கடைக்குக் கிளம்பினார். வீட்டுக்குள்ளிருந்து தெருவரைக்கும் பத்தடிச் சந்து. காரை ரிவர்ஸில்தான் எடுத்தாக வேண்டும். வழக்கமாக அந்நேரம் மச்சான் சந்தின் முனையில் காலை அகட்டி நின்றிருப்பார். இன்றைக்கு அங்கே ஆளைக் காணோம். காருக்குப் பக்கத்தில், டிரைவர் கதவை ஒட்டி நின்றுகொண்டு கையை நீட்டினார்.

"சாவியக் குடு மாப்ள."

நட்டு சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தங்கை டிபன் பாக்ஸோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மச்சான் உள்ளே உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, ஸ்டீயரிங்மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் இன்ஜின் சத்தம் கேட்டது.

நட்டு ஓடிப்போய்ச் சந்தின் முனையில் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கையைத் தூக்கினார். "வரலாம், மச்சான்."

கார் நகரவில்லை. ஜன்னல் வழியாகத் தலை வந்தது. "நல்லா பார்த்தியா?"

"பார்த்துட்டேன்."

"அடியில?"

நட்டு குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். எழுந்து, தெருவின் இரண்டு முனையையும் இன்னொரு தரம் பார்த்தார். தெரு காலியாக இருந்தது.

"யாரும் இல்ல மச்சான்" என்றார். "வரலாம்."

கார் மெதுவாகப் பின்னால் வந்தது.